மலையடி ஏரிக்குப் பாதை இல்லை

அன்புள்ள தம்பிக்கு அண்ணன் எழுதுவது. இங்கு உன் அண்ணி நலம். இடது முழங்காலைத் தனியாக விசாரிக்காத வரை நானும் நலம். அங்கே குளிர் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அடுத்த மாதம் இருபது நாள் லீவில் வருகிறாய் என்றும், வந்ததும் ஊர்ப்புறத்தையெல்லாம் நடந்தே சுற்றிப் பார்க்க வேண்டும் என்றும், மலையடி ஏரிக்கு நல்ல பாதை இருக்கிறதா என்று நான் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக இருந்தவனுக்கு வெளிநாட்டிலிருந்து நீ வரைபடம் அனுப்புகிறாய். சரி, கேட்டுவிட்டாயே என்று செவ்வாய்க்கிழமை காலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். முதல் வயலைத் தாண்டும்போதே பழக்க தோஷத்தில் காலடியை எண்ணத் தொடங்கிவிட்டேன். கையில் வரைபடம், வாயில் எண்ணிக்கை. பார்த்துக்கொண்டிருந்த விவசாயி ஒருவர் ஓடி வந்து, "ரோடு போடப் போறீங்களா சார், என் நிலம் போகுதா?" என்றார். "இல்லைங்க, நான் ரிட்டயர் ஆகிட்டேன். சும்மா ஏரியைப் பார்க்கப் போறேன்" என்றேன். "அந்த ஏரியில பார்க்க என்ன சார் இருக்கு? மறைக்காம சொல்லுங்க" என்றார். கால் மணி நேரத்தில் பத்துப் பேர் பத்திரமும் கையுமாக வந்துவிட்டார்கள். ஒரு அம்மாள் நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் உட்கார்ந்தேன், அந்த இடம் ஆபீஸ் ஆகிவிட்டது. வயல் மூலையில் நிற்கும் ஒரு மரத்துக்காக ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருவர், ஆளுக்கொரு பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அளந்து குடுத்துட்டுப் போங்க" என்று நின்றார்கள். அளந்தேன். மரம் இரண்டு பேருடையதும் இல்லை, ஓடி வந்த அந்த விவசாயியுடையது. உடனே அண்ணனும் தம்பியும் ஒற்றுமையாகி என்னைத் திட்டினார்கள். வீடு வந்து சேர மாலை ஐந்து மணி. ஏரி இருக்கும் திசைக்குக்கூட நான் திரும்பவில்லை.

ஆகவே பாதை இல்லை. மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். போன தடவை இருபது நாளில் பதினாலு நாள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாய். நாங்கள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏரி உனக்கு அங்கேயும் இருக்கும், அண்ணன் இருக்கமாட்டேன். இந்தத் தடவை வீட்டில் இரு. எனக்கு எதிரே உட்கார்ந்து பேசு. பேச ஒன்றும் இல்லையென்றால் பேப்பர் படி, அது போதும்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். எல்லோரும் நன்றாக இருங்கள்.

உன் அண்ணன்

பின்குறிப்பு: தம்பி, அண்ணி எழுதறேன். ஒட்டித் தபால்ல போடச் சொல்லிட்டுக் குளிக்கப் போயிருக்கார். செவ்வாய்க்கிழமை ஏரிக்குப் போகலைங்கறது நிஜம்தான். புதன், வியாழன், வெள்ளி மூணு நாளும் போனார். மரம் கிடைச்ச சந்தோஷத்துல அந்த விவசாயியே கூட்டிட்டுப் போனாராம். எந்தப் பாறையில உட்கார்ந்தா தண்ணி நல்லாத் தெரியும்னு பார்த்து வெச்சிருக்கார், ரெண்டு பேர் தாராளமா உட்காரலாமாம். "அவன் எப்பவும் தனியாத்தானே போவான்"னு நேத்து சாப்பிடும்போது சொன்னார். இந்தத் தடவை அவரையும் ஒரு வார்த்தை கூப்பிடுங்க தம்பி.