ஒரே தேங்காயில் இரண்டு வண்டிகள்

தன் சரக்கின் பெருமையை ஊருக்கெல்லாம் விளக்குகிறவன் அதைத் தானும் ஒரு தடவை காது கொடுத்துக் கேட்டுக்கொள்வது நல்லது. நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் ஓசூரில் ஒரு கரண்ட் கார் ஷோரூமில் வேலை பார்த்தேன். பெங்களூர்ப் பக்கம் செய்த குட்டிக் கார். மூன்றாவது ஆள் ஏறினால் முதல் ஆள் இறங்க வேண்டும். எதிர்ச் சாரியில் பெட்ரோல், டீசல் கார்க்காரர்கள் வரிசையாகக் கடை திறந்து, சீட் கவர் இலவசம், மியூசிக் சிஸ்டம் இலவசம் என்று போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் கடையில் இலவசமாகக் கிடைத்தது என் பேச்சு மட்டும்தான். "சத்தமே வராது சார், ஆன் ஆனதே தெரியாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கரண்ட் போனா என்னா பண்றது?" என்பார்கள். (பெரும்பாலும் அந்த நேரம் பார்த்துத்தான் போகும்.)

அப்போது எனக்கு மஞ்சுளாவைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பார்த்த அன்றே எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. அவளுக்கும் மறுப்பில்லை. முட்டுக்கட்டை அவள் அப்பா மாதப்பன். பாரூர்க்காரர், சிப்காட் தொழிற்பேட்டையில் சைலன்சர் செய்யும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். சைலன்சரே இல்லாத வண்டியை விற்கிறவனுக்குப் பெண்ணைக் கொடுப்பதா என்று மாதக்கணக்கில் யோசித்தார்.

ஆயுத பூஜைக்கு ஷோரூம் வாசலில் எங்கள் காருக்குப் பூஜை. காரின் மகிமையை நேரில் பார்த்தால் மனம் இளகும் என்று அவரை அழைத்தேன். வந்தவர் தன் பைக்கைக் காருக்கு முன்னால் நிறுத்தினார்.

"எப்படியும் தேங்கா ஒடைக்கப் போறீங்க தம்பி. என் வண்டியும் சேந்துக்கட்டும்."

ஐயர் இரண்டு வண்டிக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, கார் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். பழம் நசுங்க ஒரு சாண் நகர்ந்தால் போதும். நான் உள்ளே உட்கார்ந்து, முன்னால் போகும் கியரில் போட்டு, சாவியைத் திருப்பினேன்.

"ஸ்டார்ட் பண்ணுங்கோ" என்றார் ஐயர்.

"பண்ணிட்டேன் சாமி."

"சத்தமே வரலையே?"

கூட்டம் என்னைப் பார்த்தது. மாதப்பன் என்னை மட்டுமே பார்த்தார். எட்டு மாதமாக நான் ஒப்பித்த பாடம் அந்த ஒரு பார்வையில் மொத்தமாக மறந்துபோனது. வண்டியை அணைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். சத்தம் இல்லை. மறுபடியும் திருப்பினேன். மாதப்பன் ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"கொஞ்சம் ஆக்சிலேட்டர் குடுத்துப் பாரு தம்பி. பிக்கப் ஆவும்."

மாமனார் ஆகப்போகிறவர் முதன்முதலாகக் கேட்ட காரியம். நன்றாகவே கொடுத்தேன்.

நாலு எலுமிச்சம்பழமும் நசுங்கின. ஐயர் தாம்பாளத்தோடு தாவிய தாவலை அந்த வயதில் யாரும் எதிர்பார்க்கவில்லை. பைக் சைலன்சர் பக்கமாகச் சாய்ந்து விழ, கார் அதைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய்த்தான் நின்றது. எதிர்ச் சாரிக் கடைகளில் பொரி தின்றுகொண்டிருந்தவர்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

முதலாளி கன்னடத்தில் ஆரம்பித்து, போதாமல் தமிழுக்கு வந்தார். "ஆக்சிலேட்டர் குடுக்கச் சொன்னது யாருய்யா?"

நான் வாயைத் திறக்கவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

மாதப்பன் பைக்கருகே குத்துக்காலிட்டு, வளைந்துபோன சைலன்சரைத் தடவிப் பார்த்தார். "என் லைன்ல ஓடுன பீஸு தம்பி இது. கரண்ட் வண்டி எங்களுக்குப் போட்டியா வருதுன்னு பேப்பர்ல போட்டிருந்தான். நேரா வந்து இடிக்கும்னு போடலியே" என்றார். பைக்கை நிமிர்த்தித் தள்ளிக்கொண்டே போய்விட்டார்.

மஞ்சுளா கைநழுவிப் போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். வாரக் கடைசியில் மாதப்பனே எங்கள் வீட்டுக்கு வந்து என் அப்பாவிடம் சொன்னார்: "ஆக்சிலேட்டர் குடுக்கச் சொன்னது நான்தாங்க. அத்தனை பேர் முன்னால திட்டு வாங்கிக்கிட்டு, எம்பேரைச் சொல்லல பாருங்க. இந்தப் பையன் போதும்."

(ஒட்டிக்கொண்ட நாக்கைப் பற்றி நான் இதுவரை அவரிடம் சொல்லவில்லை. மஞ்சுளாவுக்குத் தெரியும். தகுந்த நேரத்துக்காக வைத்திருக்கிறாள்.)

ஷோரூமை அடுத்த பொங்கலுக்குள் மூடிவிட்டார்கள். மாமனார் சிபாரிசில் சைலன்சர் லைனிலேயே சேர்ந்தேன். இப்போது அதே லைனில் கரண்ட் வண்டிகளுக்குப் பேட்டரிப் பெட்டி செய்கிறோம்.

போன ஆயுத பூஜைக்கு முன்னால் மாமனார் ஒரு கரண்ட் ஸ்கூட்டர் வாங்கினார். பூஜையன்று எலுமிச்சம்பழம் வைத்ததும், யாரும் சொல்லாமலே தெருவில் இருந்த வண்டிகளையெல்லாம் ஓரம் கட்டினார்கள். மாமனார் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஐயர் காத்திருந்தார். மாமனார் என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, ஸ்டார்ட் ஆயிடுச்சு. சத்தம் குடுங்க."

குடும்பத்தில் எந்தக் கரண்ட் வண்டிக்குப் பூஜை போட்டாலும் இது என் வேலை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, காலேஜ் போகும் மகள் தலையில் அடித்துக்கொள்ள, "டுர்ர்ர்ர்" என்றேன். ஐயர் தேங்காயை உடைத்தார்.