கப்பித்தேன் உட்கார்ந்த இடம்

மூட வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டவன் எவனும் கெட்டுப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. இந்த உண்மை எனக்கு இருபத்து மூன்று வயதில், இங்கிலீஷ்காரன் சுங்கச் சாவடியில், என் நாயின் மூலமாகத் தெரியவந்தது. அதற்குள் என் நிச்சயதார்த்தம் முக்கால்வாசி நின்றுபோயிருந்தது.

எங்கள் ஊர் மடுகரை. அப்போது நாங்கள் பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் இருந்தோம். ஊர்க்கோடியில் ஒரு வரப்பு. இந்தப் பக்கம் பிரெஞ்சு, அந்தப் பக்கம் இங்கிலீஷ். எங்கள் எருமைகள் காலையில் பிரெஞ்சுப் புல்லும் மாலையில் இங்கிலீஷ் புல்லும் மேய்ந்துவிட்டு வரும் (பால் என்னவோ ஒரே ருசிதான்). பெரிய சாலையில் போகிற மனிதர்களுக்கு மட்டும் ஒரு மூங்கில் தடுப்பு, ஒரு சாவடி, காக்கி உடுப்பில் ஒரு சுங்கக்காரர். எங்கள் பக்கத்துச் சரக்கு தீர்வை கட்டாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது. முக்கியமாக, பாட்டில்.

பள்ளிக்கூடப் பரீட்சையில் இரண்டு முறை தவறி, வீட்டுக் கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் நாய். செம்மண் நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், மறு காது மடங்கியிருக்கும். பெயர் கப்பித்தேன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் கேப்டனை அப்படித்தான் சொல்வார்கள். பெயர் வைத்தவர் என் தாய்மாமன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சாதாரணச் சிப்பாயாக இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம். அதனால் ஊருக்கே அவர் சொல்தா மாமா. பதினைந்து வருஷம் கப்பித்தேன்களுக்கு சல்யூட் அடித்தே கை ஓய்ந்தவர், நாய்க்கு அந்தப் பெயரை வைத்துப் பழி தீர்த்துக்கொண்டார். ("கப்பித்தேன், உக்காரு! கப்பித்தேன், வெளிய போ!" என்று அதட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!)

ஒருநாள் மாமா பட்டாளத்து நாய்களைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். மண்ணுக்குள் புதைத்த பொருளைக்கூட மூக்காலேயே கண்டுபிடித்துவிடுமாம்.

"நம்மூர் நாய்ங்களுக்கு இன்னாடா தெரியும்? எச்சில எங்க கெடக்குதுன்னு தெரியும்," என்றார்.

என்னை எது சொன்னாலும் பொறுத்துக்கொள்வேன். கப்பித்தேனைச் சொன்னதில் ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நான் தேறாவிட்டால் என்ன, என் நாய் தேறட்டும் என்று அன்றே பாடம் ஆரம்பித்தேன்.

தேடுவதற்கு ஒரு பொருள் வேண்டும். தின்கிற பொருளாக இருக்கக் கூடாது, சின்னதாக இருக்க வேண்டும், தனி வாசனை வேண்டும். யோசித்து யோசித்து நான் கண்டுபிடித்தது மாமாவின் பிராந்தி பாட்டில் தக்கை. (இந்த இடத்தில் நீங்கள் தலையில் அடித்துக்கொள்ளலாம். நான் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.) மாமா மாதம் ஒருமுறை புதுச்சேரிக்குப் போய்ப் பென்ஷன் வாங்கிக்கொண்டு, கூடவே ஒரு பாட்டிலும் ஒரு நீள ரொட்டியும் வாங்கி வருவார். தக்கையை எனக்குக் கொடுத்துவிடுவார். ரொட்டியில் பாதியை அவருக்குத் தெரியாமல் நான் எடுத்துக்கொள்வேன்.

முதலில் மூன்று கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்து, ஒன்றின் கீழ் தக்கையை வைத்தேன். 'ஷெர்ஷ்!' என்றேன். பிரெஞ்சில் 'தேடு' என்று அர்த்தம். மாமாவிடமிருந்து பொறுக்கியது. கண்டுபிடித்ததும் அதன் முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு முறை குரைக்க வேண்டும். உடனே ஒரு துண்டு ரொட்டி. ரொட்டி கிடைத்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம், கிடைக்காத வரைக்கும் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தைக் கப்பித்தேன் ஒரே வாரத்தில் படித்துக்கொண்டது.

பத்து நாளில் கொட்டாங்குச்சி ஏழாகியது. ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஊரெல்லாம் கூட்டி வந்து காட்டினேன். பிறகுதான் தெரிந்தது, பயல் மோப்பமே பிடிக்கவில்லை. என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் எந்தக் கொட்டாங்குச்சியைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிறேனோ அதன் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. அன்றிலிருந்து திரும்பி நின்றுகொள்வது என்று முடிவு செய்தேன். அதுவும் போதாதென்று துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டேன். கட்டிய கண்ணோடு இரண்டடி பின்னால் வைத்து எருக்குழியில் விழுந்தேன். (அன்று கப்பித்தேன் தக்கையை விட்டுவிட்டு என்னைக் கண்டுபிடித்துக் குரைத்தது. ரொட்டி கொடுத்தேன். வேறென்ன செய்வது?)

அப்புறம் நிஜமாகவே மூக்கு வேலை செய்யத் தொடங்கியது. அம்மாவின் பானைகளை வரிசையாக அடுக்கி, ஒன்றில் கருவாடு, ஒன்றில் மல்லிகைப்பூ, ஒன்றில் பெருங்காயம், ஏதோ ஒன்றில் தக்கை என்று வைத்தேன். கப்பித்தேன் கருவாட்டுப் பானையிடம் ஒரு கணம் நின்று, பெருமூச்சு விட்டு, தாண்டிப் போனது பாருங்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மாவுக்கும் வந்தது. நாய் மூக்கு வைத்த பானைகளையெல்லாம் அவள் மாற்ற வேண்டியிருந்தது. வைக்கோல் போரில் ஒளித்தேன், கண்டுபிடித்தது. காற்றடிக்கிற நாளில் கரும்புக் கொல்லைக்குள் புதைத்தேன், கண்டுபிடித்தது. இனி என்ன பரீட்சை வைப்பது என்று எனக்கே தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெண் அமைந்தது. பண்ருட்டிப் பக்கம், இங்கிலீஷ் சீமை. பெயர் ரஞ்சிதம். பெண் பார்க்கப் போனபோது அவர்கள் வீட்டுக் கன்றுக்குட்டி என் மேல்துண்டை மென்றுவிட்டது. கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அடுத்த இரண்டு மாதமும் அந்தச் சிரிப்போடுதான் நான் குடித்தனம் நடத்தினேன். இந்தப் பெண் இல்லாவிட்டால் வேறு பெண்ணே வேண்டாம் என்று கரும்புக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

பெண்ணின் அப்பா கனகசபை கண்டிப்பான மனிதர். கள்ளுக்கடை வாசலில் நின்று, குடிக்க வருகிறவர்களைத் திட்டித் திருப்பி அனுப்புவது அவருடைய ஊர்ச்சேவை.

நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை போகக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆனால் எங்கள் ஆட்களை எதிர்கொண்டு அழைக்கக் கனகசபையே மனைவியோடு வண்டி கட்டிக்கொண்டு சாவடிக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டேன். வருங்கால மாமனார் என் நாயைப் பார்க்காமல் போவதா? சாவடி வரைக்கும் வழியனுப்புகிறேன் என்று சொல்லி, கப்பித்தேனைக் குளிப்பாட்டி அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பதினொரு தட்டுகள். பெண்கள் பத்துத் தட்டைத் தூக்க, பூத்தட்டை மட்டும் சொல்தா மாமா தானே தூக்கிக்கொண்டார். யார் கேட்டும் கொடுக்கவில்லை. மருமகன்மேல் எவ்வளவு பாசம் என்று நான் உருகிப்போனேன்.

சாவடியில் தடுப்புக்கு அந்தப் பக்கம் கனகசபை வெள்ளை வேட்டியில் நின்றிருந்தார். அவர் மனைவி அலமேலு அம்மாள் மாட்டு வண்டியில் உட்கார்ந்திருந்தார். ராகுகாலம் வருவதற்குள் பெண் வீட்டில் தட்டை இறக்கியாக வேண்டும். சுங்கக்காரரும் நல்ல மனிதர். நல்ல காரியம் என்று தட்டுகளை ஒப்புக்குப் பார்த்துவிட்டுத் தடுப்பைத் தூக்கப் போனார். அப்போது கப்பித்தேன் மாமாவின் முன்னால் போய் உட்கார்ந்தது. ஒரே ஒரு முறை குரைத்தது.

"சீ, போ!" என்றார் மாமா. அது நகரவில்லை. ரொட்டி வரவில்லையே.

"பாவம், பசி போல," என்று சுங்கக்காரர் சிரித்தார். "போங்க போங்க, நேரமாவுது."

அத்தோடு முடிந்திருக்கும். கனகசபை சும்மா இல்லாமல், "பூவப் பாத்துக் கொரைக்குதே, கிறுக்கு நாயா இருக்கும்பா," என்றார்.

கிறுக்கு நாயாமே! மாப்பிள்ளை முகம் காட்டக் கூடாதே என்று புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த நான் முன்னால் வந்துவிட்டேன்.

"பசியும் இல்ல, கிறுக்கும் இல்லீங்க. அவன் சும்மா உக்கார மாட்டான். உக்காந்தான்னா அங்க பொருள் இருக்குன்னு அர்த்தம். இது வரைக்கும் ஒரு வாட்டிகூடத் தப்பினதில்ல!"

மாமா இருமினார். கண்ணை உருட்டினார். காலால் என் காலை மிதித்தார். பெருமையில் பூரித்து என்னை உற்சாகப்படுத்துகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"அப்டியா?" என்ற சுங்கக்காரர் தடுப்பைக் கீழே இறக்கினார். "எல்லாத் தட்டையும் மரத்தடியில வைங்க. ஒங்க நாயி வித்தைய நானும் பாக்கறேன்."

பதினொரு தட்டுகளையும் அவரே இடம் மாற்றி மாற்றி வரிசையாக வைத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன் ஐயா. இல்லேன்னா என் கண்ணப் பாத்துக் கண்டுபுடிச்சிட்டான்னு சொல்லிடுவாங்க," என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பி நின்று, என் ஆயுளிலேயே மிகக் கம்பீரமான குரலில் 'ஷெர்ஷ்!' என்றேன்.

சந்தனம், மஞ்சள், வாழைப்பழம், அதிரசம் எல்லாவற்றையும் தாண்டிப் போகும் அதன் கால்நகச் சத்தம் கேட்டது. ஒரு குரைப்பு. திரும்பினேன். பூத்தட்டு. கை தட்டினேன். நான் ஒருவன்தான் தட்டினேன்.

சுங்கக்காரர் மல்லிகைக்குள் கையை விட்டார். சீல் உடைக்காத பிராந்தி பாட்டில் ஒன்று பூச்சூடிக்கொண்டு வெளியே வந்தது. என் இரண்டு கையும் தட்டியபடியே நின்றுவிட்டது.

"இன்னாய்யா இது?" கனகசபை தடுப்பு அதிரக் கத்தினார். "குடிகாரக் குடும்பத்துலயா நான் பொண்ணக் குடுக்கறது? தாம்பூலமும் வேணாம், ஒண்ணும் வேணாம். திரும்பிப் போங்க!"

என் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மாமா பூத்தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கதவுக்குப் பின்னால் கேட்ட அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. இனி அதை வேறு எவனோ கேட்கப் போகிறான் என்று நினைத்ததும் வாய்விட்டு அழத் தோன்றியது. வேறு யாரும் கெடுக்கவில்லை. என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன்.

இந்தக் கலவரத்தில் ரொட்டி கொடுக்க மறந்துவிட்டேன். ரொட்டி வராத வரைக்கும் வேலை முடியவில்லை என்பது சட்டம். கப்பித்தேன் மூக்கைத் தரையில் வைத்தது, தடுப்புக்குக் கீழே நுழைந்தது, யார் அனுமதியும் கேட்காமல் இங்கிலீஷ் ராஜ்யத்துக்குள் போனது. கனகசபையின் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கம் உட்கார்ந்தது. ஒரே ஒரு முறை குரைத்தது.

சுங்கக்காரருக்கு இப்போது கப்பித்தேன் மேல் அபார நம்பிக்கை. ஓடிப்போய் வண்டி வைக்கோலைக் கிளறினார். அதே முத்திரை போட்ட இன்னொரு பாட்டில். ஆனால் காலி.

அலமேலு அம்மாள் வண்டியிலிருந்து மெதுவாக இறங்கினார்.

"இன்னாங்க இது?"

"ஒண்ணுமில்ல. காலி பாட்டிலு," என்றார் கனகசபை. குரல் பாதியாகிவிட்டிருந்தது.

"காலியா இருக்கேன்னுதான் கேக்கறேன்."

மாமாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பெண் பார்க்கப் போன அன்றே கனகசபை தனக்கும் ஒரு பாட்டில் வேண்டும் என்று அவர் காதில் கிசுகிசுத்தாராம். முதல் பாட்டிலை மாமா வரப்பு வழியாகக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். இந்த முறை தட்டும் பெண்களுமாக வரப்பில் நடக்க முடியாது என்பதால் பூவுக்குள் வைத்தாராம். காலி பாட்டிலை ஊரில் எங்கே போட்டாலும் யார் கண்ணிலாவது படும் என்று, மாமாவிடமே திருப்பிக் கொடுக்கக் கனகசபை கொண்டுவந்திருக்கிறார்.

அலமேலு அம்மாள் புருஷனைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், கடைசியில் கப்பித்தேனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தட்டுங்களத் தூக்குங்க, ராவுகாலம் வந்துடப் போவுது," என்றார். "ஒளிச்சி வச்சத மோந்து பாத்துச் சொல்ற நாயி வேற எந்த வூட்ல இருக்கு? எம்பொண்ணு அந்த வூட்டுக்குத்தான் போவணும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நாயக் கூட்டிகினு வூட்டுக்குப் போ. வாய மூடிகினு போ."

மூடிக்கொண்டு போனேன். போகும் முன் கப்பித்தேனுக்கு இரண்டு துண்டு ரொட்டி கொடுத்தேன். சுங்கக்காரர் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்து, "நாய இங்க உட்டுட்டுப் போயேன், சர்க்கார் வேல வாங்கித் தரேன்," என்று கேட்டுப் பார்த்தார். பாட்டில் சாவடியிலேயே தங்கிவிட்டது. சொல்தா மாமா கல்யாணம் வரைக்கும் என்னோடு பேசவில்லை. கப்பித்தேனை அன்றே சிப்பாயாகப் பதவி இறக்கிவிட்டார். மாமனார் எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் வாசலில் நின்று, "நாயக் கட்டியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

கப்பித்தேன் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. வீட்டில் சட்டம் மட்டும் போகவில்லை. யார் எதை மறைத்தாலும் ரஞ்சிதம் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வாள். அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சே அந்த ஒன்றுதான். எனக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் இனிப்பை நிறுத்தியிருக்கிறார். நேற்று மத்தியானம் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு, வாயில் எதுவும் இல்லாதவன்போலப் படுத்திருந்தேன். உள்ளேயிருந்து ரஞ்சிதம் "ஷெர்ஷ்!" என்றாள். நான்கு வயதுக் கொள்ளுப்பேத்தி ஓடிவந்து என் முன்னால் உட்கார்ந்து, ஒரே ஒரு முறை குரைத்தாள். இடுப்பில் செருகியிருந்த வெல்லக்கட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கதவுக்குப் பின்னால் அதே சிரிப்பு.