எஸ்.எல். என்றால் என்ன, நானா?

எல்.சி. நானாவுக்கு அன்று தன் கல்குலேட்டரில் இருந்த எஸ்.எல். என்பதன் அர்த்தம் உண்மையிலேயே பிடிபட்டதா, இல்லை என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே உண்டாக்கினாரா? அன்று மடியில் இருந்த என் பிள்ளை இன்று ஐந்தாம் வகுப்பு. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

மாத்தளையில் கல்குலேட்டர் வைத்திருந்த எல்லோரும் கணக்குப் பார்க்கத்தான் வைத்திருந்தார்கள். நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) மட்டும்தான் அதை வாசிப்பதற்கு வைத்திருந்தார். நாங்கள் வேலை செய்த மிளகு, கராம்பு ஏற்றுமதிக் கடையில் அவர் பெரிய கிளாக்கர். யார் புதிதாக ஒன்று வாங்கி வந்தாலும் கையில் எடுப்பார். திரைக்கு மேலே மாடல் இலக்கத்தோடு அச்சடித்திருக்கும் இங்கிலிஷ் எழுத்துகளுக்கு அர்த்தம் சொல்லிவிட்டுத்தான் திருப்பித் தருவார்.

அவருக்குத் தெரிந்தது ஏற்றுமதி இங்கிலிஷ். எல்.சி. என்று இருந்தால் லெட்டர் ஒஃப் கிரெடிட். வெளிநாட்டு வங்கியின் உறுதிக் கடிதம் வந்த பிறகே அதில் கூட்டிப் பார்க்கலாம் என்பார். பட்டப்பெயர் அப்படித்தான் ஒட்டியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பள்ளிக்கூடத்தில் பாவித்த என் எஃப்.எக்ஸ். கல்குலேட்டரை மேசையில் வைத்தேன். நானா வாசல்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, இத உள்ள வைங்க. ஃபொரின் எக்ஸ்சேஞ்ச். பேங்குக்குத் தெரியாம இதத் தொட ஏலாது."

"நானா, அது கணக்குப் பாடத்துல வர்ற ஃபங்ஷன். எங்க டீச்சர் சொன்னாங்க."

"உங்கட டீச்சர் எப்பயாச்சும் கராம்பு ஏத்தி அனுப்பி இரிக்காவா?"

எதற்கும் இருக்கட்டுமென்று நான் அதை உள்ளே வைத்தேன்.

அவருடைய சொந்தக் கல்குலேட்டர் வெளிச்சத்தில் ஓடும் சின்னது. அதில் எஸ்.எல். என்று இருந்தது. அதற்கு மட்டும் அவரிடம் அர்த்தம் இல்லை. யாராவது சீண்டினால், "யோசிச்சிக்கிட்டு இரிக்கேன்" என்பார். உண்மையாகவே யோசித்துக்கொண்டுதான் இருந்தார்.

யுத்தம் நடந்த, வீதிச் சோதனைகள் கூடியிருந்த காலம் அது. என் ஊரான பல்லேபொலவிலிருந்து பிள்ளையை மாத்தளை கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். அதே பஸ்ஸில் நானாவும் வந்தார். பிள்ளை அழுகையை நிறுத்தாததால் தன் கல்குலேட்டரை அவள் கையில் கொடுத்தார். பொத்தான்களை அழுத்தி அழுத்தி அடங்கிவிட்டாள். வழியில் சோதனைக்காக எல்லோரையும் இறக்கினார்கள். அவசரத்தில் அதைப் பிள்ளையின் துணிப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

ஆமிக்காரர் பையைக் கிளறி அதை எடுத்தார். பின்பக்கம் பெட்டரி போடும் இடம் இல்லை. கையால் மறைத்தால் இலக்கம் அழிகிறது, வெயிலில் பிடித்தால் வருகிறது. என் அடையாள அட்டையில் இருந்த தமிழ்ப் பெயரை இன்னொரு முறை பார்த்தார். பிறகு எஸ்.எல். என்ற எழுத்தில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும், அந்த எழுத்துக்கு அர்த்தம்தான் தெரியாது. பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினேன். என்னைத் தனியாகக் கூட்டிப்போனால் பிள்ளையை யார் கையில் கொடுப்பது என்பது மட்டுமே தலைக்குள் ஓடியது.

ஆண்கள் வரிசையை விட்டு நானா வந்தார். சிங்களத்தில் சொன்னார்.

"ஸ்ரீ லங்கா, மாத்தயா. எங்க கராம்பு மூடையிலயும் அதத்தான் எழுதுறது."

"அப்ப, இது இங்க செஞ்ச சாமானா?"

"அத விளங்கணும்னா மொதல்ல எல்.சி.யிலருந்து வரணும்."

வந்தார். லெட்டர் ஒஃப் கிரெடிட், ஃபொரின் எக்ஸ்சேஞ்ச், கொழும்புத் துறைமுகம் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் அந்த ஆமிக்காரர் கல்குலேட்டரைப் பிள்ளையின் கையிலேயே திணித்து, "யன்ன, யன்ன" என்று எங்களைப் போகச் சொன்னார்.

பஸ் கிளம்பியதும் கேட்டேன்.

"எஸ்.எல். எப்ப நானா கண்டுபிடிச்சீங்க?"

"இப்பதான்."

மாத்தளை வரும்வரை அவர் முன்சீட்டுக் கம்பியை விடவில்லை. கல்குலேட்டரை நீட்டினேன். வாங்கவில்லை.

"புள்ளக்கிட்ட இரிக்கட்டும். எனக்கு அர்த்தம் கெடச்சிட்டுதானே."

நானா போன நோன்புக்கு முன் இறந்துபோனார்; அவர் பாஷையில் மௌத்தாகிவிட்டார். சென்ற வாரம் மகள் அந்தக் கல்குலேட்டரை வகுப்புக்குக் கொண்டுபோய், எஸ்.எல். என்றால் ஸ்ரீ லங்கா என்று சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். வெயிலில் ஓடும் வகைக்குப் போடும் எழுத்து அது என்று டீச்சர் திருத்தினாராம். சரியாகத்தான் இருக்கும்.

"அம்மா, அந்த மாமாவுக்குத் தெரியாதா? இல்ல, பொய் சொன்னாரா?"

தெரியாது என்றால் அவரை விவரமில்லாதவராக்குகிறேன். தெரியும் என்றால் பொய்க்காரராக்குகிறேன். அந்த மனிதரை இரண்டில் எதுவாக்கவும் எனக்கு வாய் வரவில்லை. பிள்ளை வளர்த்த வாசகர்களே, அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?