செயலாளர் வாசித்த நூல்கள்

"நீங்கள் அம்மாவுக்கு என்ன முறை?"

பிரகலாதன் பாயாசத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. பருத்தித்துறையில் அந்த வீட்டுக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. காலமான அம்மாவின் பெயரே வாசலில் கட்டியிருந்த பதாகையைப் பார்த்துத்தான் தெரிந்தது. கேட்டவர் மூத்த மகன். கையில் பாயாச வாளி.

"ஒரு வகையிலை சொந்தந்தான்."

"எந்த வகையிலை?"

"நீர்வேலிப் பக்கத்தாலை."

"நீர்வேலியிலை எங்களுக்கு ஒருத்தரும் இல்லையே."

"அதுதான் நான் வந்தனான்."

மகன் கொஞ்சம் யோசித்தார். துக்கவீட்டுக்கு வந்தவரை அதற்குமேல் விசாரிப்பது மரியாதையில்லை. இன்னொரு அகப்பை பாயாசம் விட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் தட்டத்தில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு வந்தாள். பிரகலாதன் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்காகத்தான் அவர் அவ்வளவு தூரம் வந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, சாப்பிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு நினைவு மலர் கொடுப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். முன் அட்டையில் காலமானவரின் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, பேரப்பிள்ளைகளின் கவிதை, கடைசிப் பக்கத்தில் நன்றி. எல்லோரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டுபோய்த் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே வைப்பார்கள். வாசித்தவர் என்று ஊருக்கு ஒருவரைக் காட்ட முடியாது. பிரகலாதன் மட்டும் அட்டையிலிருந்து அட்டைவரை வாசித்தார். அவருக்கு வேறு வழியில்லை.

வாழைக்குலை வாங்கிக் கொழும்புக்கு லொறி ஏற்றுவது அவருடைய தொழில். அதோடு ஊர்ச் சனசமூக நிலையத்துக்கும் அவர்தான் செயலாளர். தை முதலாம் திகதி, ஆங்கில வருசப் பிறப்புக் கூட்டத்தில் ஒலிவாங்கி கைக்கு வந்ததும், "பிள்ளையள் போனை வைச்சிட்டுப் புத்தகத்தை எடுக்கோணும்" என்று நல்லதாகத்தான் பேசினார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"செயலாளர் கடைசியா எடுத்த புத்தகம் என்ன?"

சபை சிரித்தது. பிரகலாதனுக்குக் காதுமடல் சுட்டது.

"இந்த வருசம் முப்பது புத்தகம் வாசிக்கிறன். பிள்ளையார் அறிய," என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் மணி அடித்தது. மத்தியானப் பூசைக்கு நாளாந்தம் அடிக்கிற மணிதான். ஆனால் சிரித்துக்கொண்டிருந்த சனம் முழுக்கக் கைகூப்பிவிட்டது. வாய் தவறி வந்த சொல் நேர்த்திக்கடன் ஆகிவிட்டது.

நூலகத்துக்குப் பொறுப்பான பிரதீபா அன்றைக்கே வாசலில் ஒரு கரும்பலகையை மாட்டி, மேலே "செயலாளர் வாசித்த நூல்கள்" என்று வெண்கட்டியால் எழுதினாள்.

"வாசிக்க வாசிக்கப் பேரைச் சொல்லுங்கோ அண்ணை. நான் எழுதிக்கொண்டு வாறன். பாத்தால் பிள்ளையளுக்கும் ஒரு ஆசை வரும்."

மானத்துக்கு ஏற்ற தடிப்பில் ஒரு நாவலைத் தெரிவுசெய்து எடுத்துப் போனார் பிரகலாதன். ஒவ்வொரு பின்னேரமும் சாய்மனைக் கதிரையில் இருந்து திறப்பார். பதினோராம் பக்கத்தில் கதாநாயகி குடத்தோடு கிணற்றடிக்குப் போவாள். அவள் போய்ச் சேருவதற்குள் இவர் குறட்டை விடத் தொடங்கிவிடுவார்.

"உந்தப் புத்தகத்தை டொக்டர்மார் கண்டால் நித்திரைக் குளிசை குடுக்கிறதை விட்டிடுவினம்," என்றாள் மனைவி குணலட்சுமி.

சித்திரையும் வந்தது. பலகை கழுவி வைத்ததுபோலக் கிடந்தது. கோயிலுக்குப் போகிறவர்கள் முதலில் பலகையைப் பார்த்தார்கள், பிறகு பிள்ளையாரைப் பார்த்தார்கள்.

வைகாசியில் சின்னத்தங்கம் மாமியின் அந்தியேட்டி. பந்திக்கு இடம் கிடைக்காமல் காத்திருந்த நேரத்தில், கையில் தந்த மலரைச் சும்மா புரட்டினார். தேவாரம் எல்லாம் பாடமானவை. மாமியின் வரலாறு தெரிந்த கதை. பாதிக்குப் பாதி படங்கள். பந்திக்குக் கூப்பிடும்போது கடைசிப் பக்கத்து நன்றியில் நின்றார். வாழ்நாளில் அவர் முழுதாக வாசித்து முடித்த முதல் புத்தகம் அது. அட்டை இருந்தது, பக்க இலக்கம் இருந்தது, அச்சகத்தின் பெயர் இருந்தது. புத்தகம் என்றால் வேறென்ன?

போய்ப் பிரதீபாவிடம் தலைப்பை மட்டும் சொன்னார். "நீங்காத் திருமுகம்."

"கவிதையோ அண்ணை?"

"கவிதையும் இருக்கு."

அது பொய்யில்லை. பேரப்பிள்ளைகள் நாலுபேர் எழுதியிருந்தார்கள்.

வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே கிடந்தவற்றை ஒரு கிழமையில் முடித்தார். அயலட்டையில் இரவல் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே பத்திரிகையில் மரண அறிவித்தல் பக்கத்தைப் பார்த்து, தெரியாத ஊர்களுக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார். பலகையில் "அன்னை எனும் அருவி" ஏறியது. "மறைந்தும் மறையாத மாமா" ஏறியது. செயலாளர் கவிதையில் இறங்கிவிட்டார் என்று ஊர் மெச்சியது.

தெரியாத வீடுகளில் சும்மா இருந்து சாப்பிட வெட்கமாக இருந்ததால், துக்கமானவர்களின் கையைப் பிடித்து நாலு வார்த்தை ஆறுதல் சொல்லத் தொடங்கினார். இத்தனை வரலாறு வாசித்தவருக்கு வார்த்தைக்கு என்ன பஞ்சம்? அதுவே வினையாகிவிட்டது. மயிலிட்டியில் ஒரு சம்மாட்டியாரின் அந்தியேட்டி. வள்ளங்கள் வைத்திருந்த பெரிய மனிதர். அங்கே பிரகலாதனை ஆறுதல் பேச்சில் கெட்டிக்காரர் என்று ஏற்கெனவே கண்டிருந்த யாரோ ஒருவர், ஒலிவாங்கியைக் கொண்டுவந்து கையில் திணித்துவிட்டார்.

பிரகலாதன் கண்ணை மூடினார். முதல்நாள் வாசித்த மலர்தான் மனதில் வந்தது.

"அன்னார் எட்டுப் பிள்ளையளைப் பெத்தவர். ஒரு பிரசவத்துக்குக்கூட முகம் சுளிக்காதவர். கடைசிப் பிள்ளை வயித்திலை இருக்கேக்கையும் நெல்லுக் குத்தினவர்..."

பந்தலில் கரண்டிச் சத்தம் நின்றது.

அவர் வீட்டுக்கு வந்து சேருமுன் கனடாவிலிருந்து குணலட்சுமியின் தங்கை அழைத்துவிட்டாள். சம்மாட்டியாரின் பிள்ளைகள் அங்கே இருந்தபடியால் எல்லாம் நேரடி ஒளிபரப்பு.

"அக்கா, அத்தான் ஏன் மயிலிட்டியிலை ஒரு ஆம்பிளையைப் பிள்ளை பெத்தவர் எண்டு சொல்லுறார்? அவருக்குச் சுகந்தானே?"

குணலட்சுமி கட்டிலுக்குக் கீழே பார்த்தாள். மலர்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. அட்டைகளிலிருந்து முன்பின் தெரியாத பெரியவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். சந்தையில் இரண்டு பேர், "உங்கடை மனுசனுக்கு வீட்டிலை சமைச்சுக் குடுக்கிறேல்லையோ?" என்று கேட்டதன் பொருளும் அப்போதுதான் விளங்கியது.

அவள் ஏசவில்லை. அதுதான் பிரகலாதனுக்குப் பயமாக இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டு விளக்கு வைக்கிற நேரம் வந்தாள்.

"இஞ்சாருங்கோ. முத்துக்குமாரு அம்மானுக்குச் சுகமில்லை, கடுமையாம்."

முத்துக்குமாரு அடுத்த ஒழுங்கையில் இருக்கிற பழைய பஸ் கொண்டக்டர். பிரகலாதன் கதிரையிலிருந்து எழுந்துவிட்டார்.

"எவ்வளவு கடுமை?"

"அதைக் கொஞ்சம் கவலையோடை கேளுங்கோ."

"கவலையோடைதான் கேக்கிறன்."

"அப்ப ஊரூராய்த் திரியிறதை விட்டிட்டு, உயிரோடை இருக்கேக்கை அந்த மனுசனைப் போய்ப் பாருங்கோ. ஒரு சீப்புக் கதலி கொண்டுபோங்கோ. சும்மா இருந்து முகத்தைப் பாத்துக்கொண்டிருந்தால் சனம் என்ன நினைக்கும்? அவருக்குக் கண்பார்வையும் மட்டு. உந்தத் தடிச்ச புத்தகத்தை வாசிச்சுக் காட்டுங்கோ."

முத்துக்குமாரு கழுத்துவரை போர்த்துக்கொண்டு கட்டிலில் கிடந்தார். மருமகள் றொசாந்தி தலைமாட்டில் தண்ணீர் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். பிரகலாதன் முதலாம் பக்கத்திலிருந்து தொடங்கினார். பதினோராம் பக்கத்தில் வழக்கம்போலக் கண் சொருகியது.

"நிப்பாட்டாதை தம்பி," என்று கிழவர் முனகினார். "கிணத்தடிக்குப் போனவள் என்ன செய்தவள்?"

"நாளைக்குப் பாப்பம் அம்மான்."

"நாளைக்கு நான் இருப்பனோ தெரியாது."

பிரகலாதன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வாசித்தார். கதாநாயகி கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு இரவோடிரவாக ஊரைவிட்டே போய்விட்டாள். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை மாதம் அது தெரியாமல் தூங்கியிருக்கிறார்.

பிறகு ஒவ்வொரு பின்னேரமும் போனார். கதலிப்பழமும் போனது. நோயாளி சாப்பிட்ட வேகத்தில் சீப்புப் போதாமல் குலையாகக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

"அம்மானுக்கு முகம் தெளிஞ்ச மாதிரிக் கிடக்கு," என்றார் ஒருநாள், கொஞ்சம் கவலையாக.

"அணையப்போற விளக்குத் தம்பி. நீ வாசி. கதை முடியாமல் நான் போகமாட்டன்."

ஆகவே வேகமாக வாசித்தார். முடித்ததும் கிழவர் இன்னொரு புத்தகம் கேட்டார். அதுவும் முடிய மற்றொன்று. ஒவ்வொரு நாவலின் பெயரையும் எழுதப் பிரதீபா வெண்கட்டியை எடுத்தபோதெல்லாம், பிரகலாதன் அதை வாங்கித் தானே எழுதினார். ஏன் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. மலர்களின் பெயர்கள் ஒன்றையும் அவர் கையால் எழுதியதில்லை.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை. கோயிலில் கண்ணை மூடி, "நினைச்ச காரியம் கெதியிலை கைகூட வேணும் அப்பனே" என்று வேண்டினார். வேண்டிய பிறகுதான், நினைத்த காரியம் ஒரு மனிதனின் சாவு என்பது உறைத்தது. கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டார். தோப்புக்கரணமும் போட்டார். தானாக எழும்பமுடியாமல் போய், ஐயர் கைகொடுத்துத் தூக்கும்வரை போட்டார்.

அன்று பின்னேரம் கட்டிலடியில் இருந்தபோது வேறொரு மனிதராக இருந்தார். முத்துக்குமாரு அவருடைய கையைத் தட்டி, "நீ வாற நேரந்தான் தம்பி எனக்கு நாள் விடியுது" என்றார். பிரகலாதனுக்கு எழுத்துகள் கலங்கின. மெதுவாக வாசிக்கத் தொடங்கினார். நாலாவது நாவலின் கடைசி அத்தியாயத்தை ஒருநாளைக்கு இரண்டு பக்கமாக இழுத்தார். கதை முடிந்தால் மனிதன் போய்விடுவாரே.

"என்ன, வர வர எழுத்துக்கூட்டுறாய்?"

"எழுத்துச் சின்னன் அம்மான்."

மார்கழி முப்பத்தோராம் திகதி, வருசத்தின் கடைசி நாள் காலை. பலகையில் முப்பதுக்கு ஒன்றுதான் குறை. அந்த நாலாவது நாவலை முடித்தால் நேர்த்தி நிறைவேறிவிடும். பிரகலாதன் பிரதீபாவின் மேசையிலிருந்து துடைப்பானை எடுத்தார். திருமுகம் போனது, அருவி போனது, மாமா இந்த முறை உண்மையாகவே மறைந்தார். தன் கையெழுத்தில் இருந்த மூன்று பெயர்களை மட்டும் விட்டார்.

"என்ன அண்ணை செய்யிறியள்? வாசிச்சதை ஏன் அழிக்கிறியள்?"

"உது நான் வாசிச்ச கணக்கில்லைப் பிள்ளை. ஆக்கள் செத்த கணக்கு."

பிரதீபா அவரைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். பிறகு அழிந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்து வடிவாக்கினாள்.

"மூண்டும் நல்ல புத்தகம் அண்ணை," என்றாள்.

மனம் பஞ்சாக இருந்தது. மோட்டார் சைக்கிளை லொறிச் சாரதி கொண்டுபோயிருந்தான். பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு, பின்னேரம்வரை பொறுக்காமல் அப்போதே முத்துக்குமாரு வீட்டுக்கு மிதித்தார். கடைசி இரண்டு பக்கத்தையும் இன்றைக்கும் வாசிப்பதில்லை என்று தீர்மானித்திருந்தார். முதல் பக்கத்திலிருந்து திரும்பவும் தொடங்கிவிடலாம். மனிதர் இருக்கட்டும்.

உள்ளே போனார். கட்டில் வெறுமையாகக் கிடந்தது. போர்வை மடித்து வைத்திருந்தது.

புத்தகம் கையிலிருந்து நழுவியது. தான் வேண்டியது நடந்துவிட்டது. பிள்ளையார் தோப்புக்கரணத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. பிரகலாதன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்து விம்மி விம்மி அழுதார்.

றொசாந்தி ஈரக்கையோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"ஐயோ, அண்ணை எப்ப வந்தனியள்? மோட்டச்சைக்கிள் சத்தம் கேக்கேல்லையே."

"ஒரு சொல்லு எனக்குச் சொல்லியனுப்பியிருக்கலாமே பிள்ளை..."

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. முத்துக்குமாரு சந்தைப் பையை முன்னுக்குக் கொழுவிக்கொண்டு, சீட்டில் நிமிர்ந்திருந்து, படலைக்குள்ளால் ஒரே மிதியில் நுழைந்தார். பிரகலாதனைக் கண்டார். பிரேக் பிடித்தார். சைக்கிளை அப்படியே வளைத்துத் திருப்பி, வந்ததைவிட வேகமாக ஒழுங்கையில் மறைந்தார்.

பிரகலாதன் வாய் திறந்தபடி நிலத்தில் இருந்தார். றொசாந்தி விழுந்த புத்தகத்தை எடுத்து, முந்தானையால் துடைத்து, அவரிடம் நீட்டினாள்.

"மாமாவைக் கண்டதெண்டு மட்டும் வீட்டிலை சொல்லிப்போடாதையுங்கோ அண்ணை, வருசம் முடியுமட்டும் எழும்பாமல் படுத்துக் கிடக்கச் சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டவ குணலட்சுமி அக்காதான்."