பட்லரும் பதினோரு மணி பாசஞ்சரும்

அரிசி களையக்கூடத் தெரியாத நான், ஒருநாள் எங்கள் பெரிய குமாஸ்தாவிடம், "ரேஷனில் அரிசிக்குப் பதில் கோதுமை மாவு போடுவது எனக்கு ஒரு பிரச்சினையே இல்லை சார். ஓவனில் வைத்துக் கால் மணியில் சாப்பாட்டை முடித்துவிடுகிறேன்" என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அப்படியா? ஞாயித்துக்கிழமை பதினோரு மணி பாசஞ்சர்ல வர்றேன். எனக்கும் ஒரு இலை போடும்" என்றார்.

யுத்த காலம். ஆவடியில் இராணுவச் சாமான் கிடங்கு ஒன்றில் நான் தற்காலிகக் குமாஸ்தா. யாரை நிரந்தரமாக்குவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்ற பட்டியல் பெரிய குமாஸ்தாவின் மேஜை இழுப்பறையில் இருந்தது. அம்பத்தூரில் என் வாடகை அறையில் இருந்ததோ ஒரு பாய், ஒரு கூஜா.

ஓவனே இல்லாத அந்த ஊரில் ஓவனைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒரே மனிதர் அடுத்த வீட்டுப் பட்லர். பூந்தமல்லியில் ஒரு துரை வீட்டில் இருபது வருஷம் இருந்தவர். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: தான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம் என்பது.

"இன்னா நைனா, இதுக்கா மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீறே? ஒரு கிருஷ்ணாயில் டின்னு, நாலு வறட்டி. கால் அவருல சாப்பாடு ரெடி! துரை ஊட்ல பாத்துகினுதானே இருந்தேன்!"

கொல்லையில் குழி வெட்டி, மண்ணெண்ணெய் டின்னைப் படுக்க வைத்து, அடியில் மணல் பரப்பி, மேலே வறட்டித் தணலைக் கொட்டினார். உள்ளே போனதற்குத் 'துரை அடுக்கு' என்று பெயர். உருளைக்கிழங்கு வில்லை, வெங்காயம், பாலில் ஊறிய பழைய ரொட்டி, எல்லாவற்றையும் மூட மேலே ஒரு கோதுமை மாவுப் போர்வை.

புதன்கிழமை ஒத்திகையில் அடுக்கு முழுவதும் அரிக்கேன் விளக்கின் ருசி. சாப்பிட்ட பிறகு, பக்கத்தில் யாராவது பீடி பற்றவைத்தால் ஏப்பம் விடப் பயந்தேன்.

வெள்ளிக்கிழமை தப்பு என்னுடையது. சோறு தின்று வளர்ந்த ஜன்மம். மூடி வைத்த எதையும் திறந்து பதம் பார்க்காமல் கை நிற்காது. பதினோரு தடவை திறந்தேன். சூடெல்லாம் வெளியே போய், மாவு மாவாகவே இருந்தது. கடைசித் தடவை என் மீசையில் பாதியும் போனது.

பட்லர் கொதித்துவிட்டார். "சோறா இது, பதம் பாக்கறதுக்கு? மூடுனா மூடுனதுதான்! இன்னொரு தபா தொட்டே, கைய ஒடிச்சி உள்ள வெச்சிருவேன்!"

"நேரம் எப்படித் தெரியும் அண்ணாத்தே? கடிகாரம் இல்லையே?"

எங்கள் சந்து ரயில்வே கேட்டை ஒட்டியது. "கேட்டு மூட சொல்லோ உள்ள வையி. ரயிலு ஊத சொல்லோ வெளிய எடு. கரீட்டா கால் அவரு. துரை கடியாரம் தப்பும், இது தப்பாது."

ஞாயிறு. கேட் மூடியது, டின்னும் மூடியது. பட்லர் கையில் விறகுக் கட்டையோடு காவலுக்கு உட்கார்ந்தார். அரை மணியில் வாசனை சந்து முழுக்க வந்தது. ஒரு மணி நேரத்தில் அதே வாசனை மனம் மாறியது.

"எடுத்துடலாமே?"

"ரயிலு ஊதிச்சா?"

"இல்லை."

"அப்பால இன்னா?"

பட்டாளத்து ஸ்பெஷல்கள் போவதற்காகப் பாசஞ்சரை வில்லிவாக்கத்தில் நிறுத்தி வைத்திருப்பதாகக் கேட் காவலர் கத்தினார். மூடிய கேட்டின் முன் வரிசையாக மாட்டுவண்டிகள். ஒரு வண்டிக்காரர் எங்கள் கொல்லைப் புகையைப் பார்த்து, "அண்ணாத்தே, ஊடு பத்திகினு கீது போல!" என்றார். பட்லர் திரும்பவில்லை. நான் மனத்துக்குள் ராஜினாமாவை எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

பகல் ஒரு மணிக்கு ரயில் ஊதியது. பட்லர் நிதானமாக எழுந்து திறந்தார். உள்ளே தார்ச்சாலையில் ஒரு சதுரத்தைப் பெயர்த்து வைத்த மாதிரி ஒன்று இருந்தது.

பெரிய குமாஸ்தா முகமெல்லாம் ரயில் கரியோடு வந்து சேர்ந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லையாம். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பட்லர் தேங்காய் உடைக்கும் அரிவாளால் ஒரு போடு போட்டார். கரி பிளந்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு, ஆவி பறக்க, பொன்னிறமாக உருளைக்கிழங்கு. பெரிய குமாஸ்தா அதை முழுதும் சாப்பிட்டார். பிறகு என் பாதி மீசையைப் பார்த்தார்.

"தினமும் இதுதானா?"

"ஆமாம் சார்."

அவர் பெருமூச்சு விட்டார். மறுநாள் பட்டியலில் என் பெயர் முதலில் இருந்தது. "இதைத் தின்னுட்டும் ஒருத்தன் வேலைக்கு வர்றான்னா, அவன் எதையும் தாங்குவான்" என்றாராம்.

தாங்கினேன். முப்பது வருஷம். அந்த வேலை என்னை உலர்த்திப் போட்டுவிட்டது. இருந்தாலும் எங்கேயாவது ரயில் ஊதினால் எனக்கு இன்றும் பசிக்கிறது. விறகுக் கட்டையோடு எனக்காகக் காவல் உட்கார்ந்த ஒரு முதுகு கண்ணில் நிற்கிறது.

பட்டியல் வந்த அன்று செய்தி சொல்ல ஓடியபோது பட்லர் இல்லை. அவர் மனைவி சுவரில் வறட்டி தட்டிக்கொண்டிருந்தார். "துரைக்குச் சமைத்த கை அக்கா!" என்றேன்.

"துரைக்கா?" என்றார் அவர், தட்டுவதை நிறுத்தாமல். "உனுக்கு வேல கெடைக்கணும்னு எங்க ஊட்டு நெய்ய மொத்தமா அதுல ஊத்திட்டாரு, அது நெஜம். ஆனா அந்தாளு துரை ஊட்ல குதிரைக்குக் கொள்ளு வேவ வெச்சிகினு இருந்தாரு தம்பி. குதிர கூட பாதி நாளு துன்னாது."