மூன்று நட்சத்திரம் கண்ட கண்

அவசரகாலத்தில் மலாயாவைக் கம்யூனிஸ்டுகளிடமிருந்து காப்பாற்ற பிரிட்டிஷ் சர்க்கார் பட்டாளம், விமானம், முள்கம்பி என்று எதை எதையோ நம்பியது. அத்தனையும் வீண் செலவு. மெர்லிமாவுக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கங்காணி தங்கையாவின் இரண்டு கண்கள் சும்மா இருந்தன.

சாதாரணக் கண்களல்ல அவை. கப்பலை விட்டு இறங்கும் கூலிகளில் எவன் ஓடிப்போவான் என்று தாத்தா பார்த்த மாத்திரத்தில் சொல்வாராம். ரப்பர் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று அப்பா வாளியைத் திறக்காமலே சொல்வாராம். சாட்சி யார் என்று கேட்பது மரியாதையல்ல. அந்தக் குடும்பத்தாரே சொல்லியிருக்கிறார்கள்.

இதை அறிந்த துரை, வேலியோரத்துக் காவல் கோபுரத்தில் தங்கையாவை ஏற்றி, கழுத்தில் ஒரு தூரக்கண்ணாடியையும் மாட்டிவிட்டார். "இன்றைக்கு ஏதாவது தெரியும், கங்காணி. பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் உலர்த்தும் புகைக்கூண்டைக் கொளுத்திவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். துரையே தெரியும் என்ற பிறகு தெரியாமலிருப்பது ராஜத்துரோகம். தங்கையா பார்த்தார். தெரிந்தது.

"காளிதாசு! அந்தா, மர நிரைக்கு நடுவுல ஒருத்தன். பச்சைச் சட்டை. தலையில மூணு நட்சத்திரம்!"

மூன்று நட்சத்திரத் தொப்பி என்றால் காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டு என்பது அன்று குழந்தைக்கும் தெரியும். காவலுக்கு நின்ற ஸ்பெஷல் போலீஸ் காளிதாஸ் பத்து பெரண்டாம் என்ற ஊரிலிருந்து புதிதாக வந்தவன். பனிக்குள் கண்ணை இடுக்கிப் பார்த்தான்.

"எனக்கு மரந்தான் தெரியுது, ஐயா."

"ஒனக்கு மரந்தான் தெரியும். ஒங்க பரம்பரையே மரம் சீவுன பரம்பரை."

"ஆளுன்னா அசையணுமேலா, ஐயா?"

"அசையாம நிக்கிறான் பாரு, அதான்டா பயிற்சி!"

மழை பிடித்தது. பச்சைச் சட்டைக்காரன் ஒதுங்கவில்லை.

"நனையுறானே, ஐயா?"

"கொள்கைப் பிடிப்பு" என்றார் தங்கையா. பகைவனையும் மதிக்கத் தெரிந்த குடும்பம்.

மழை விட்டதும் பால் வாளியோடு முனியாயி அங்கே வந்தாள். கணவனை இழந்தவள், கூலி வீட்டு வரிசையான லயத்தில் ஒரே மகளோடு இருப்பவள். வாளிக்குள்ளிருந்து இலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து அவன் காலடியில் வைத்தாள். ஒரு சுருட்டைப் பற்றவைத்தாள். பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள்.

"கும்புடுறா, ஐயா!"

"போடா மடையா. அவங்க கட்சியில கையத் தூக்கித்தான் சலாம் போடுவாங்க."

வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு கொண்டுபோவதே குற்றமாக இருந்த காலம். காட்டுக்காரனுக்குக் கொடுத்தால் கேட்கவே வேண்டாம். தங்கையா சொல்லியனுப்ப, சற்று நேரத்தில் போலீஸ் லாரி வந்தது. மலாய் இன்ஸ்பெக்டர், துப்பாக்கிகள், வேலையைப் போட்டுவிட்டு வந்த சனங்கள், எல்லாருக்கும் முன்னால் தங்கையா. நிரையின் நடுவே அவன் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

சிமெண்டில் செய்த முனியாண்டி.

சனங்கள் போன மாதம்தான் வைத்த சிலை. காவல் கோபுரத்துக்கு அடித்து மிஞ்சிய பச்சைச் சாயத்தைச் சாமிக்கு அடித்திருந்தார்கள். தலைப்பாகையில் மூன்று குங்குமப் பொட்டு. தோளில் அரிவாள். தங்கையாவுக்கு இது தெரிய நியாயமில்லை. அவர் குடும்பம் மலாக்கா டவுன் கோயிலுக்குப் போகத் தொடங்கிய பிறகு, சுருட்டுப் பிடிக்கிற சாமிகளோடு போக்குவரத்தை நிறுத்திவிட்டது.

முனியாயி ஓடிவந்து அவர் காலைப் பிடித்தாள். "நம்ம முனியாண்டிங்க! ஒங்க தாத்தா நட்ட சூலம் இந்தா பக்கத்துலயே இருக்குங்க. பொட்டப்புள்ளைக்குக் காய்ச்சல் எறங்கல, நேந்துக்கிட்டேன். ஒரு புடி சோறுதாங்க ஐயா!"

இன்ஸ்பெக்டர் சிலையைப் பார்த்தார். தங்கையாவைப் பார்த்தார். பொறுமையாகவே கேட்டார்: "கங்காணி, நீங்கள் பார்த்தது இந்தப் பொம்மையையா, ஓர் ஆளையா? பொம்மை என்றால் இவளைத் திட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். ஆள் என்றால் லாரியில் ஏற்ற வேண்டும். எப்போது திரும்புவாள் என்று எனக்கே தெரியாது."

தங்கையா நிமிர்ந்தார். சாமியின் உருட்டு விழிகள் நேரே அவரையே பார்த்தன. பழைய பழக்கம், கை தானாகக் கும்பிடப் பாதி எழுந்தது. அந்த நேரம் பார்த்து மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "கங்காணி வூட்டுக் கண்ணுக்கு சாமியே கம்யூனிஸ்டாம்லா!"

யாரோ சிரித்தார்கள்.

பாதியில் எழுந்த கை மீசைக்குப் போயிற்று. மூன்று தலைமுறை மானம். ஒரு பால்வெட்டுக்காரிக்காக அதைச் சிரிக்கக் கொடுக்க முடியுமா?

"ஆளுதான்" என்றார். "இந்தச் சிலைக்குப் பின்னால நின்னான். ஓடிட்டான். எங்க வூட்டுக் கண்ணு பாத்தா பாத்ததுதான்."

லாரி கிளம்பியது. தூசி அடங்கும்வரை முனியாயியின் குரல் மகள் பேரைச் சொல்லிக்கொண்டே போயிற்று. குடும்பத்தின் கண்ணுக்கு வந்த களங்கம் துடைக்கப்பட்டது. துரை எல்லார் முன்னிலையிலும் கைகுலுக்கினார்.

வெள்ளிக்கிழமை தங்கையா ஒரு கட்டுச் சுருட்டோடு முனியாண்டியிடம் போய்வந்தார். சாமி முகத்தில் கோபமே இல்லை, லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது என்று வீட்டில் சொன்னார். வீட்டார் நம்பினார்கள். அவர் பார்த்தால் பார்த்ததுதானே.

மறுநாள் கோபுரத்தில் காளிதாஸ் மெதுவாக ஆரம்பித்தான்.

"ஐயா, கண்ணாடியக் கொஞ்சம் லயத்துப் பக்கம் திருப்புங்க. முனியாயி வூட்டு வாசல்ல அந்தப் புள்ள காலையிலேருந்து குந்தியிருக்கு. ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்கு."

தங்கையா கண்ணாடியைத் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு மரந்தான்டா தெரியுது."

லயத்தைச் சுற்றி மரமே கிடையாது. முள்கம்பி போட்டபோதே எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்தாயிற்று. ஒன்றுகூட மிச்சமில்லை என்று துரையிடம் பார்த்துச் சொன்னவையும் அதே கண்கள்தாம்.