பூச்சு உள்ள பக்கம்

சீடைப் பொட்டலம் மறுபடியும் வாயைப் பிளந்துவிட்டது. கண்டரமாணிக்கம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து சந்தனமேரி போன் பண்ணியதும், பொட்டலம் போடும் பிளாஸ்டிக் பிலிம் விற்கும் காரைக்குடிக் கடை முதலாளி, தன் மெக்கானிக் உபகாரசாமியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா பாத்துட்டு வந்த? போய் ஒழுங்காச் சரிபண்ணு."

உபகாரசாமி பஸ் ஏறினார். நாற்பதைத் தாண்டிய ஒண்டிக்கட்டை. லாட்ஜ் அறையில் இவர் இருமினால், என்னவென்று இவரேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கோளாறு ஒன்றும் பெரிதில்லை. அந்த பிலிமுக்கு ஒரு பக்கம்தான் பூச்சு. பூச்சு உள்ளே வரும்படி மாட்டினால்தான் மெஷின் சூட்டில் பொட்டலம் ஒட்டும். போய்ப் பார்த்தால் பிலிம் சுருள் திரும்பி இருந்தது.

"பூச்சு உள்பக்கம் வரணும்னு போன தடவையே சொன்னேன்ல?"

"மறந்துபோச்சு சார். நின்னுக்கிட்டே இருக்கீக, உக்காருங்க. சாப்பிட்டீகளா?"

சந்தனமேரி புருஷனை இழந்தவள். சீடை சுட்டுப் பிழைப்பு நடத்துகிறாள். காபி ஏற்கெனவே கலந்து தயாராக இருந்தது.

சாப்பிட்டீகளா என்று அவரைக் கேட்க இந்த வட்டாரத்தில் வேறு ஒரு ஜீவன் கிடையாது. அந்தக் கேள்வியையும் காபியோடு சேர்த்து விழுங்கிக்கொண்டார்.

இனி மறக்கக்கூடாது என்று வெளிப்பக்கம் முழுக்கச் சிவப்பு மையால் கோடு இழுத்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் கோடு உள்ளே போய், சீடையெல்லாம் வெற்றிலை போட்டதுபோல் சிவந்து கிடந்தது. எந்தப் பக்கம் மாட்டினாலும் ஒட்டித் தொலையட்டும் என்று சூட்டைக் கூட்டி வைத்தார். பிலிம் அப்பளமாகச் சுருண்டது.

"இன்னொரு தடவ அந்தம்மா போன் பண்ணுச்சு, நீ வேற வேல பாத்துக்க," என்றார் முதலாளி.

மதுரையில் ஆளைப் பிடித்துக் கெஞ்சி, இரண்டு பக்கமும் பூச்சு உள்ள சுருளை வாங்கி வந்தார் உபகாரசாமி. தானே மாட்டி, ஒரு பொட்டலத்தை ஒட்டி இழுத்துக் காட்டினார்.

"இனிமே எப்படித் திருப்பி மாட்டினாலும் ஒட்டும். நீங்க போனே பண்ண வேணாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. போன் வராவிட்டால் இங்கே வருவதற்கு அவருக்கு என்ன வேலை? பாழாய்ப்போன மூளை இத்தனை நன்றாக வேலை செய்திருக்க வேண்டாம்.

சந்தனமேரி காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பொட்டலம் போடும் கருப்பம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்ல காரியம் பண்ணீக சார். வாராவாரம் அக்காவே சுருளத் திருப்பி மாட்டிட்டு, தலையச் சீவிக்கிட்டு உங்களுக்குப் போன் பண்ணப் போகும். இனி அது எதத் திருப்பும்?"